இடது கிட்னி

உயிரோடு இருக்கிற ஒருவருடைய கிட்னியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்குள் பதினோரு வருஷம் கிட்னியைப் பற்றிப் பாடம் நடத்தி முடித்திருந்தேன். சிதம்பரம் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி வாத்தியாரம்மா நான். முதல் வருஷப் பிள்ளைகளைச் சடலத்தைச் சுற்றி நிற்க வைத்து, கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்து, உடம்புக்குள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று காட்டுவது என் வேலை. பார்மலினில் ஊறிய கிட்னி ரப்பர் மாதிரி இருக்கும். அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மூச்சு இழுக்கும்போது இது கீழே இறங்கும், விடும்போது மேலே ஏறும்" என்று வருஷா வருஷம் சொல்வேன். பிள்ளைகளும் குனிந்து எழுதிக்கொள்வார்கள். அது இறங்குவதை அவர்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் என்னோடு கூடப் படித்தவள் ஒருத்தி டாக்டராக இருந்தாள். 2007இல் ஒரு மதியம் அவளைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கட்டும் என்று பின்னால் நின்றேன். "மூச்ச இழுத்து உடுங்க" என்று அவள் சொல்ல, திரையில் கிட்னி வழுக்கிக்கொண்டு இறங்கியது, மறுபடி ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏண்டி, இதச் சொல்லித்தான சம்பளம் வாங்கற, இதுக்குப் போயி அழுவுற?" என்றாள் அவள்.

அழுகையோடு எரிச்சலும் வந்தது. இரண்டு கட்டடம் தள்ளி இது தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் ரப்பரைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு முடிவதற்குள் அவளை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் அவள் அறையில் கூட்டம் இருக்காது. வாரத்துக்கு எட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்து உயிருள்ள உடம்பைக் காட்டுவேன். அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். படுக்கிற ஒவ்வொருவர் பெயரும் ரிஜிஸ்டரில் ஏறவேண்டும். மாணவிகளை யாரையும் படுக்க வைக்கக் கூடாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை அவள் அறைச் சுவரில் தொங்கியது. அதைக் காட்டி, "எவனாச்சும் தப்பா எழுதிப் போட்டான்னா பதில் சொல்லி எனக்கு மாளாது" என்றாள்.

ஆக, படுக்க ஆண்பிள்ளை வேண்டும். முதல் வாரம் ஒரு மாணவன் வீரமாக வந்து சட்டையைத் தூக்கிப் படுத்தான். ஜெல்லியைத் தடவியதும் கூச்சத்தில் நெளிந்து சிரிக்க ஆரம்பித்தான். படம் முழுக்கக் குலுங்கியது. இரண்டாம் வாரம் வந்தவன் நல்ல புஷ்டியான பையன். திரையில் வெறும் பனிமூட்டம். "கொழுப்பு ஜாஸ்தி, படம் விழாது" என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவன் வருஷம் முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் வாரம் யாரும் முன்வரவில்லை. ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்திருந்த எங்கள் டிசெக்ஷன் ஹால் உதவியாளர் தொண்டையைக் கனைத்தார். ஐம்பது வயது இருக்கும். இருபது வருஷமாகச் சடலங்களைப் பதப்படுத்தி, தொட்டியிலிருந்து எடுத்து மேஜையில் கிடத்தி, சாயங்காலம் ஈரத்துணி போர்த்தி மூடுகிறவர் அவர்தான். பேராசிரியர் முதல் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவர் 'அண்ணே'.

"நான் படுக்கறேன் மேடம். தெனம் அவுங்கள நான் படுக்க வைக்கறேன். ஒரு நாளு நான் படுத்தா என்னா?"

எலும்பும் தோலுமான மனிதர். கருவியை வயிற்றில் வைத்ததும் படம் பளிச்சென்று விழுந்தது. முதுகெலும்புக்கு முன்னால் பெரிய ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது. எட்டுப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். அவர் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்து, "அதுவா என்னுது?" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் அவர்தான். சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, யாரும் சொல்லாமலே மூச்சை இழுத்துப் பிடிப்பார்.

ஒரு தடவை பித்தப்பையைக் காணோம். வெறும் வயிற்றில் இருந்தால்தான் அது நிரம்பித் தெரியும். ஏதாவது சாப்பிட்டால் சுருங்கிவிடும். ஒரு மாணவன் கால் மணி நேரம் தேடினான். நான் அவனைத் திட்டிக்கொண்டே அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"டீ குடிச்சீங்களா?"

"அர கிளாசு மேடம். பால் கம்மியாத்தான் ஊத்துனான்."

அதையே பாடமாக்கினேன். ஒரு அரை கிளாஸ் டீ ஒரு உறுப்பை எப்படி ஒளித்து வைக்கும் என்று அந்த எட்டுப் பேரும் சாகிற வரைக்கும் மறக்க மாட்டார்கள். அவரும் அதற்குப் பிறகு சனிக்கிழமை வகுப்பு முடிகிற வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

அவர் உடம்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது வலது கிட்னி. ஈரலுக்குக் கீழே தெளிவாக, எடுப்பாகத் தெரியும். "இதப் பாருங்க, புஸ்தகத்துல போட்டிருக்கறதவிடப் பெருசு, எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று ஒவ்வொரு வாரமும் பெருமை அடித்துக்கொள்வேன். பெண் பார்க்கும் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி அவர் வெட்கப்படுவார்.

இடது பக்கம்தான் எப்போதும் தகராறு. அந்தப் பக்கம் இரைப்பையும் குடலும் குறுக்கே வரும். அதில் இருக்கிற வாயு படத்தை மறைக்கும். இது உண்மைதான், எந்தப் புத்தகத்திலும் இருக்கும். பிள்ளைகள் ஐந்து நிமிஷம் துழாவுவார்கள். நானும் துழாவுவேன். ஸ்கேன் பார்ப்பது தோழியிடம் நான் இரண்டு மாதம் கற்றுக்கொண்ட வித்தைதான்; அவள் பக்கத்து அறையில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருப்பாள். "வாயு மறைக்குது, பரவாயில்ல, அடுத்ததுக்குப் போங்க" என்று சொல்லி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எனக்குக் கடலூரில் செம்மண்டலத்தில் வீடு. நாலு மணி பஸ்ஸை விட்டால் போய்ச் சேர இருட்டிவிடும். இப்படியே மூன்று வருஷம் போயிற்று.

இவ்வளவு செய்கிறவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அவர் படுக்க ஆரம்பித்த பிறகு வந்த முதல் பொங்கலுக்கே ஒரு வேட்டி கொண்டுபோனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "முட்டி வலிக்கு ஏதாச்சும் இருந்தா குடுங்க மேடம், போதும்" என்றார். நாள் முழுக்க ஈர சிமெண்டுத் தரையில் நிற்கிற முட்டி. என் வீட்டுக்காரர் செம்மண்டலத்தில் கிளினிக் வைத்திருக்கிறார். மருந்து கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகிற வலி மாத்திரை மேஜை டிராயரில் அட்டை அட்டையாகக் கிடக்கும். அதில் இரண்டு அட்டை எடுத்து ஒரு கவரில் போட்டு, சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் கையில் கொடுப்பேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். எனக்கு அதில் அப்படியொரு திருப்தி.

"யாருக்கு இது வாராவாரம்?" என்று ஒருநாள் வீட்டுக்காரர் கேட்டார்.

"எங்க காலேஜ் அண்ணனுக்கு. முட்டி வலி."

"ரொம்ப நாளு போட்டா கிட்னிக்கு ஆவாதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

"அவரு கிட்னி பிரமாதமா இருக்கு. நானே பாத்திருக்கேன்" என்றேன். அவரும் வாயை மூடிக்கொண்டார். கிட்னி விஷயத்தில் என்னோடு வாதாட யாரால் முடியும்.

நான்காவது வருஷம் வந்த பிள்ளைகளில் காடாம்புலியூர்ப் பெண் ஒருத்தி. வீட்டில் முந்திரித் தோப்பு. மெதுவாகப் பேசுவாள், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அவள் முறை வந்தபோது இடது பக்கம் பத்து நிமிஷம் தேடினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வழக்கமான வசனத்தைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதினாள். வாங்கிப் பார்த்தால், இடது கிட்னி இல்லை என்று எழுதியிருந்தாள்.

"தெரியலன்னு எழுது. இல்லன்னு எழுத நீ யாரு?"

"மண்ணீரல் தெரியுது மேடம். பின்னாடி முதுகுத் தசையும் தெரியுது. நடுவுல கொடல் மட்டுந்தான் இருக்கு. வாயு மறைச்சிருந்தா தசையும் தெரியக் கூடாது இல்ல மேடம்?"

 பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். இருபத்தைந்து வருஷம் படித்துப் பாடம் நடத்துகிறவளுக்கு ஒன்றரை மாதம் முன்னால் கத்தி பிடித்தவள் சொல்லிக் கொடுக்கிறாளா என்று அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கடித்துக் குதறினேன். சிவப்பு மையால் அவள் எழுதியதை அடித்து, பக்கத்தில் 'வாயு' என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் நோட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு எங்கள் கல்லூரியில் எந்த முதல் வருஷப் பிள்ளையும் செய்யாத காரியத்தைச் செய்தாள். என்னைக் கேட்காமல் பக்கத்து அறைக்குப் போய், வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் தோழியைக் கூப்பிட்டாள். "மேடம், ஒரு நிமிஷம் வந்து பாக்கறீங்களா?"

தோழி தோளில் மாட்டிய கைப்பையோடு வந்து, நின்றபடியே கருவியை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பையைக் கழற்றி வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். என் கோபம் அப்போதே இறங்கிவிட்டது. அண்ணனை வலம், இடம், குப்புற என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிலருக்குக் கிட்னி இடம் மாறி அடிவயிற்றில் இருக்கும் என்று அங்கேயும் பார்த்தாள். கடைசியில் என் பெருமைக்குரிய வலது கிட்னிக்கு வந்து அதை அளந்தாள்.

"இத எத்தன நாளா பாக்கற?"

"மூணு வருஷத்துக்கு மேல."

"இவ்ளோ பெருசா இருக்கே, ஏன்னு யோசிக்கவே இல்லியா? ரெண்டு ஆளு வேலய ஒரே ஆளு பாத்தா இப்படித்தான்டி ஆவும்."

அண்ணன் ஜெல்லி தடவிய வயிற்றோடு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான்தான் சொன்னேன். பிறவியிலேயே அவருக்கு ஒரு கிட்னிதான், இப்படிப் பிறந்து கடைசிவரை தெரியாமலே நன்றாக வாழ்ந்தவர்கள் உண்டு என்று. 

"ஒண்ணு போதும் இல்ல?" என்று தோழியைக் கேட்டார்.

"தாராளமா போதும். அத பத்திரமா வச்சுக்கணும், அவ்ளோதான். வலி மாத்திர கிலி மாத்திரன்னு வாங்கி எதுவும் திங்காதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்த அறையில் மாத்திரை விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.   அந்த வாரத்து இரண்டு அட்டை என் கைப்பைக்குள் இருந்தது.

நானே அவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் கிரியாட்டினின் பரிசோதனை. முடிவு திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வாரம் எத்தனை மாத்திரை, எத்தனை வருஷம் என்று கணக்குப் போட வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் அதற்குள் மனசில் போட்டு முடித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று மட்டும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். தின்றேன், ருசி தெரியவில்லை.

திங்கட்கிழமை பஸ் இறங்கி நேரே லேபுக்குப் போனேன். கிரியாட்டினின் சரியாக, நடுவாந்தரமாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. பெயரையும் வயதையும் மூன்று தடவை சரிபார்த்தேன். அவருடையதுதான். எனக்கு வந்த சந்தோஷத்தில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. ரிசல்ட் நல்லபடியாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்தச் சொன்னால் முடிந்தது, கொடுத்தது யார் என்று கிளற வேண்டியதில்லை. அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நோட்டை வாங்கினேன். நான் சிவப்பில் எழுதியதை அடித்து, 'மாணவி எழுதியதே சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

"அண்ணனுக்கு ரிசல்ட் வந்திடுச்சா மேடம்?"

"நல்லா இருக்கு."

"முட்டி வலிக்கு ஏதோ மாத்திர வாங்கறேன்னு ஒரு நாளு சொன்னாரு மேடம். அத எவுங்க குடுக்கறாங்கன்னு கேட்டு, அவுங்களுக்கும் சொல்லிடணும் மேடம்."

அவளுக்குத் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரியாமல்தான் சொன்னாள். சொல்லிடறேன் என்றேன்.

மதியம் டிசெக்ஷன் ஹாலில் அவர் தனியாக இருந்தார். சடலங்களைப் போர்த்துகிற துணிகளை வாளியில் நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். ரிசல்ட் நன்றாக இருக்கிறது என்றேன். தலையாட்டினார். "இன்னொன்னு இருக்குண்ணே" என்று ஆரம்பித்தேன். நிறுத்தினால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னேன். "நான் குடுத்த மாத்திரதான் கிட்னியக் கெடுக்கறது. எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு. உங்களுக்கு ரெண்டு இருக்குன்னு நெனச்சுக் குடுத்துட்டேன். ரெண்டு இருந்தாலும் குடுத்திருக்கக் கூடாது. என் மேலதான் தப்பு. மன்னிச்சுடுங்க."

அவர் கையில் இருந்த துணியை முழுசாகப் பிழிந்து முடித்தார்.

"அத நான் எங்க மேடம் சாப்ட்டேன்?"

"பின்ன வாராவாரம் வாங்கினீங்களே?" என்றேன்.

"மொத வாரமே வயிறு எரிஞ்சிது. உட்டுட்டேன். நீங்க அம்மாந் தூரத்துலேருந்து ஆசையா எடுத்தாறீங்க, வேணான்னா சங்கடப்படுவீங்களேன்னு வாங்கிக்கிட்டேன்."

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னைத் திருப்திப்படுத்த ஒரு மனுஷர் மூன்று வருஷம் நடித்திருக்கிறார், அந்த நடிப்பு அவர் கிட்னியைக் காப்பாற்றியிருக்கிறது. அவரும் சிரித்தார்.

"அப்ப எல்லாத்தயும் தூக்கிப் போட்டீங்களா?"

"டாக்டர் குடுத்த மருந்த யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா மேடம்? எங்க தெருவுல முட்டி வலிக்காதவங்க யாரு இருக்கா? நடவுக்குப் போறவங்க, மூட்ட தூக்கறவங்க. சனிக்கிழம சாயங்காலம் எங்க வாசல்ல வந்து நிப்பாங்க. காலேஜி டாக்டரம்மா குடுத்ததுன்னு சொல்லித்தான் குடுப்பேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்தது, இன்னொரு கையும் முடிந்தது, மறுபடி முதல் கைக்கு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை பதினேழு பேர் வந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அதனால் என் தோழியே ஒவ்வொருவருக்கும் சீட்டுப் போட்டு, ரிஜிஸ்டரில் ஏற்றி, முறைப்படி ஸ்கேன் பார்த்தாள். என்னை அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் கிளினிக்கை மூடிவிட்டு வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார். எட்டுப் பிள்ளைகளும் திரையைச் சுற்றி நின்றார்கள். நான் ஒவ்வொருவருக்கும் இடது பக்கம் பார்க்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினேழு பேருக்கும் இரண்டு இரண்டு இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஒரே ஒரு அம்மாவுக்குக் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாக வந்தது. மாத்திரையை நிறுத்தியதும் இரண்டு மாதத்தில் இறங்கிவிட்டது.

அந்த அம்மாதான் அன்றைக்குக் கடைசியாகப் படுத்தவள். ஜெல்லியை முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். திரை, மெஷின், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எல்லாம் பாத்துட்டீங்க. நல்லாருங்க. இந்த வாரம் மாத்திர எங்கம்மா?"

இனிமேல் அது கிடையாது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "செரிம்மா. நாளைக்கு நான் நடவுக்குப் போவணும்" என்றாள். புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். முடியவில்லை.

நான் கீழே உட்கார்ந்தேன். முழங்காலின் எலும்பையும் சவ்வையும் தசைநாரையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அவள் முட்டி வீங்கிச் சூடாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.